பனிமலையிற் பொலிசுப் பணி

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, மலைநாட்டு நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிந்து ஓய்வுபெற்ற யான், எதனைப் பற்றி எழுதுவது என்று சில நாள் தயங்கினேன். கனடாவிலே மார்க்கம் நகரில் வாழும் வகுப்புத் தோழர் ஒருவர் தொலைபேசி மூலம் அத்தயக்கத்தைத் தீர்த்து வைத்தார். அங்கே முழங்கால் அளவுக்குப் பனி விழுந்திருப்பதாகவும், தெருவிற் சறுக்கி நின்ற மோட்டார் வண்டிகளை ஒழுங்குபடுத்தப் பொலிசார் வந்திருப்பதாகவும் கூறிய அவர், "உம்முடைய நுவரெலியாவிலும் பனி என்கிறீரே ஐசே, அங்கே பொலிசுக்கு என்ன வேலை?" என்று கேட்டுச் சிரித்தார். அன்று யான் அளித்த மறுமொழி அரைகுறையானது. அதனை ஈண்டு சற்று முழுமையாகக் கூற முயல்கின்றேன்.

பனி என்னும் தமிழ்ச் சொல் தாராளமானது. புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி; மலைச்சரிவை மூடும் மூடுபனியும் பனி; வானிலிருந்து பஞ்சு போல் விழுவதும் பனி. இவற்றுள் கடைசியாகக் கூறியது எமது மலைநாட்டில் இல்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில், 2,524 மீற்றர் உயரமுடைய பிதுருதலாகல மலையின் அடியில் இருப்பினும், நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள நாட்டில் வான்பனி பொழிவதற்கு அவ்வுயரம் போதாது. ஆயினும் தை, மாசி மாதங்களில், வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் இரவுகளில், நிலம் தன் வெப்பத்தைத் தடையின்றி விண்ணிலே விட்டுவிடுகின்றது. குளிர்ந்த காற்றுப் பாரமானதாகையால் சரிவுகள் வழியே மெல்ல இறங்கிப் பள்ளங்களிலே தேங்குகின்றது. அங்குள்ள புல்லும் இலையும் தம்மைச் சூழ்ந்த காற்றினும் மிகுதியாகக் குளிர்ந்து, அவற்றின்மேற் படிந்த ஈரம் உறைகின்றது. விடியற்காலையில் பள்ளமான வெளிகள் உப்புப் பாத்தியைப் போல் வெளுத்துக் கிடக்கும். காலை வெயில் ஏறுமுன் அது கரைந்துவிடும். ஆனால் பள்ளத்துத் தேயிலையிற் கொழுந்து நெருப்புப் பட்டதுபோற் கருகியிருக்கும். கொழுந்து கருகினால் வேலை குறையும். வேலை குறைந்தால் கூலி குறையும். அவ்வாரங்களிற் கடன், அடகு, வாய்ச்சண்டை என்று பொலிஸ் நிலையத்துப் புத்தகத்திற் பதிவுகள் கூடுவதைப் பழைய சார்ஜன்ட் ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கின்றார்.

குளிரைப் பற்றி இதற்குமேற் சொல்வதற்கில்லை. காக்கிச் சட்டையின்மேற் கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் அணிந்து, தேநீர்க் கோப்பையைக் கையிற் பிடித்து விரல்களைச் சூடாக்கிக்கொள்ளும் இரவுக் காவலரை நுவரெலியாவிலும் நானுஓயாவிலும் எவரும் காணலாம். கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வருவோர் முதல் மாதத்தில் இருமுவர். இரண்டாம் மாதத்திற் பழகிக்கொள்வர்.

மூடுபனியோ அவ்வளவு எளியதன்று. அவிசாவளையிலிருந்து ஹற்றன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியும், கம்பளையிலிருந்து றம்பொடைக் கணவாய் வழியாக ஏறும் வீதியும் கொண்டையூசி வளைவுகள் நிறைந்தவை. பிற்பகலில் முகில் இறங்கினால் பத்து முழத்துக்கு அப்பால் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு மஞ்சட் பொட்டாகவே தெரியும். இறக்கத்தில் ஓட்டுநர் பிரேக்கையே நம்பி மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடியை இழக்கும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும் என்பது மலைநாட்டு ஓட்டுநரின் பாலபாடம். கீழ்நாட்டிலிருந்து ஏப்பிரல் மாத 'சீசனு'க்கு வருவோர் பலருக்கு அது தெரியாது. ஆகவே அம்மாதத்தில் நுவரெலியாப் பொலிசாருக்கு உறக்கம் அரிது. 2025 மே 11ஆம் நாள் அதிகாலையில், கொத்மலைப் பகுதியிற் கெரண்டியெல்ல என்னுமிடத்தில், கதிர்காமத்திலிருந்து வந்த பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய வேளைகளில் முதலிற் கயிற்றுடன் இறங்குவோர் அயலிலுள்ள ஊராரும் தோட்டத்தாரும். அடுத்து வருவது பொலிசு. காயமுற்றோரை அனுப்புவதும், இறந்தோரை இன்னார் என்று அடையாளங்காண்பதும், அவர்தம் பொருள்களைப் பட்டியலிட்டுக் காப்பதும், உறவினருக்குச் செய்தி சொல்வதும் அவர்கள் தலையில் விழும். 1974 டிசம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த விமானம் மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் மாண்டபோது, வீதியில்லாத அச்சரிவில் இவை யாவும் கால்நடையாகவே நடந்தேறின.

மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாத மலைக்கு ஏறுவோரின் காவலும் உண்டு. நல்லதண்ணியில் இரவு முழுவதும் சனம் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருக்கும். தொலைந்த பிள்ளை, தொலைந்த பணப்பை, மயங்கி வீழ்ந்த கிழவர் என்பனவே அங்குப் பெரும்பாலான அலுவல். அது நல்ல அலுவல். பொலிசாரைக் கண்டு எவரும் அங்கே அஞ்சுவதில்லை.

நிற்க. தோட்டப்புறத்தில் அந்த அச்சம் உண்டு. அதன் வேர் ஆழமானது.

இலங்கைப் பொலிசுக்கு இன்றும் அடிப்படையாகவுள்ள பொலிஸ் கட்டளைச் சட்டம் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டமாகும். 1866 செப்ரெம்பர் 3ஆம் நாள் கம்பெல் என்பவர் அப்படையின் தலைமையை ஏற்றார். குற்றத்தைத் தடுத்தலும் அமைதியைக் காத்தலும் அச்சட்டம் வகுத்த கடமைகள். ஆனால் அதே 1865ஆம் ஆண்டிலேயே 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒன்றும் பிறந்தது. வேலைக்காரரும் கூலியாட்களும் அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவதை அது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அக்காலம் கோப்பிக் காலம்; இரண்டு ஆண்டு கழித்தே, 1867இல், ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்திலே தேயிலையை நாட்டத் தொடங்கினார். ஆகவே, தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளிக்குப் பொலிஸ்காரன் யார்? வீட்டுக்குக் களவு வந்தால் ஓடிவரும் காவலன் அல்லன். கங்காணியின் கடனுக்குத் தப்பி ஓடினால் பிடித்து வருபவன். துண்டு முறையும் அத்தண்டனைகளும் 1920களின் தொடக்கத்தில் ஒழிந்தபோது இரண்டு தலைமுறைகள் அவ்வாறே கண்டு பழகியிருந்தன.

தோட்டம் தனியார் நிலம் என்பதும் ஒரு காரணம். அனுமதியின்றி உள்ளே வருவோர் அத்துமீறியவர் ஆவர். 1931இல் ஹற்றனில் முதலாவது தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசையர் புடைவை வியாபாரியைப் போல வேடமிட்டுத் தோட்டங்களுள் நுழைந்த செய்தியை மலைநாட்டார் இன்றும் நயம்படச் சொல்வர். உள்ளே எழும் பிணக்குகளைப் பெரிய துரை ஆபிஸ் வாசலிலே தீர்த்தார். அவரால் தீர்க்க முடியாதபொழுது தொலைபேசியில் பொலிசை அழைத்தார். அழைத்தவர் பக்கமே வந்தவர் நிற்பார் என்று தொழிலாளர் எண்ணியதிற் வியப்பில்லை. 1940 சனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி இறந்தார். அவ்விவகாரத்தை ஒட்டி உள்நாட்டு அமைச்சருக்கும் பொலிஸ் மா அதிபருக்கும் எழுந்த பிணக்கு, அமைச்சர் குழுவே பதவி துறக்கும் அளவுக்குச் சென்றது. 1977 மே 11ஆம் நாள், தோட்டக் காணிகளைப் பிறருக்குப் பகிர்வதை எதிர்த்துத் தலவாக்கலை டெவன் தோட்டத்தில் நின்றவர்களுள் சிவனு இலட்சுமணன் என்னும் இளைஞர் பொலிசாரின் குண்டுக்கு இரையானார். இவ்விருவர் பெயரையும் அறியாத தோட்டத் தொழிற்சங்கத்தார் இலர். பொலிஸ் நிலையத்திற் புதிதாகப் பொறுப்பேற்கும் அதிகாரியும் இவற்றை அறிந்திருத்தல் நலம் என்பது என் கருத்து. வாசலில் நிற்கும் கிழவி ஏன் உள்ளே வரத் தயங்குகின்றாள் என்பது அவருக்கு அப்பொழுதுதான் விளங்கும்.

அக்கிழவியின் மகன் ஏன் பொலிஸ்காரனாகவில்லை என்றும் கேட்கலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். குடியுரிமை இல்லாதவனுக்கு அரச சேவை இல்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை, 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் என்று படிப்படியாகவே அந்நிலை தீர்ந்தது. ஏறத்தாழ இரண்டு தலைமுறைக் காலம் அம்மக்களின் பிள்ளைகள் காக்கிச் சட்டை அணியும் வாய்ப்பே இருக்கவில்லை. 1956இற்குப் பின் தமிழறிந்த உத்தியோகத்தரும் எல்லாத் திணைக்களங்களிலும் அருகினர். ஆகவே முறைப்பாடு சொல்பவர் தமிழ் பேசினார். எழுதுபவர் சிங்களத்தில் எழுதினார்.

எனது தொழில் அந்த இடைவெளியில்தான் நடந்தது. ஆகையால் இதனைச் சற்று விரித்துரைக்க வாசகர் இடந்தரவேண்டும்.

மலைநாட்டில் 'என்ட்ரி போடுதல்' என்பர். ஒருவர் நிலையத்துக்கு வந்து தமக்கு நேர்ந்ததைச் சொல்ல, உத்தியோகத்தர் புத்தகத்தில் எழுதுவார். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டம் இதற்கு நல்ல விதிகளை வகுத்திருக்கின்றது. 109ஆம் பிரிவின்படி வாய்மொழியாகத் தரப்படும் முதற்றகவல் அதனைத் தருபவரின் மொழியிலேயே எழுதப்பட்டு வாசித்துக் காட்டப்படல் வேண்டும். உத்தியோகத்தருக்கு அம்மொழி தெரியாவிடின், தகவல் தருபவரையே எழுதித் தரும்படி கேட்கவேண்டும். அவராலும் இயலாவிடின், காரணத்தைப் பதிந்துவிட்டுத் தேசிய மொழிகளுள் ஒன்றில் எழுதி, அவருக்கு விளங்கும் மொழியில் அதனைச் சொல்லிக் காட்டவேண்டும். 110ஆம் பிரிவு சாட்சிகளின் வாக்குமூலத்துக்கும் இவ்வாறே கூறுகின்றது. சொல்லிக் காட்டியபின் திருத்தவும் சேர்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. அதன் பிறகே கையொப்பம். இவற்றோடு, 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. 1988இல் 16ஆவது திருத்தம், பிரதேசமொன்றிற் சிறுபான்மையினர் தொகை எட்டிலொன்றுக்கு மேற்பட்டால் அங்கு இரு மொழியிலும் நிர்வாகம் நடத்த வழிவகுத்தது. நுவரெலியா மாவட்டத்தில் அந்த எட்டிலொன்றைக் கண்டுபிடிக்கக் கணிதம் வேண்டியதில்லை.

சட்டத்திற் குறையில்லை. இரவு எட்டு மணிக்கு, மழையில், ஏழு மைல் நடந்து வந்த ஒருத்தி மேசைக்கு முன்னால் நிற்கின்றாள். மேசைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தமிழிற் பத்துச் சொல் தெரியும். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் விடுமுறையில் ஊருக்குப் போயிருக்கின்றார். அப்பொழுது எதிர்க்கடை முதலாளியோ முச்சக்கர வண்டிக்காரரோ அழைக்கப்படுகின்றார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் அவர் சொல்வதே அவள் சொன்னதாகிவிடுகின்றது.

அவர் தமிழராயிருந்தாற் போதும் என்று எண்ணுவோருக்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கின்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், சாட்சி ஒருவர் "தொங்கக் காம்பராவுல சத்தம் கேட்டுச்சு" என்றார். தொங்குதல் என்றதும் என் மனம் தூக்குக் கயிற்றுக்குத் தாவியது. அப்படியே ஏதோ மொழிபெயர்த்தும் விட்டேன். நீதவான் திடுக்கிட்டார். லயத்தின் கடைசி அறைக்கே அப்பெயர் என்று பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்து சொன்னபோது, சபையிலிருந்தோர் சிரித்தனர். கல்லூரியிலே தமிழுக்குப் பரிசு பெற்றவன் யான் என்பதை அன்று எவரிடமும் சொல்லவில்லை.

அதன்பின் ஒரு கொப்பி வைத்துக்கொண்டேன். மலை என்றால் வேலை நடக்கும் தேயிலை நிலம். "மலைக்குப் போனேன்" என்பவர் வேலைக்குப் போனவர், சிகரம் ஏறியவர் அல்லர். இஸ்தோப்பு என்பது லயத்து அறையின் முன்றிண்ணை. பேர் போடுதல் என்றால் அன்றைய நாட்கூலியைப் பதிதல். அரைப்பேர் என்றால் அரைநாட் கூலி. "அரைப்பேர்தான் போட்டாரு" என்ற முறைப்பாட்டைப் பெயரைப் பாதியாக எழுதினார் என்று விளங்கிக்கொண்ட ஒருவரை யான் அறிவேன். கைக்காசு என்பது வழமையான கூலிக்குப் புறம்பாகப் பறித்த கொழுந்துக்குக் கிடைக்கும் பணம், இலஞ்சம் அன்று. பத்துச்சீட்டு என்றால் வேலையிலிருந்து நீக்கும் சீட்டு. நாடு என்பது தோட்டத்துக்கு அயலிலுள்ள சிங்களக் கிராமம். "அவன் நாட்டுக்குப் போயிட்டான்" என்ற சொல்லைக் கேட்டு, தேடப்படுபவன் இந்தியாவுக்குத் தப்பிவிட்டான் என்று எழுதினால், இரண்டு மைலுக்கு அப்பால் மரக்கறித் தோட்டத்தில் மம்பட்டி பிடித்து நிற்பவன் தலைமறைவானவன் ஆகிவிடுவான்.

இத்தகைய சொல்லொன்று ஒரு வழக்கையே விழுங்கப் பார்த்ததைக் கண்டிருக்கின்றேன். இடத்தையும் ஆண்டையும் விடுவோம். ஒரு பெண்ணின் கணவரை அயலவன் ஒருவன் தடியால் அடித்துக் கையை முறித்துவிட்டான். அவள் அன்றிரவே நிலையத்துக்குப் போய், "மலையில இருந்து வந்தேன், வீட்டுக்காரரு இஸ்தோப்புல படுத்திருந்தாரு, அப்பத்தான் அடிச்சான்" என்று சொல்லியிருக்கின்றாள். கடைக்காரர் ஒருவர் மொழிபெயர்த்தார். கணவரை வீட்டுக்காரர் என்பது அவள் வழக்கு. கடைக்காரரோ கடையை வாடகைக்கு எடுத்தவர். வீட்டுக்காரர் என்றால் அவருக்கு மாதந்தோறும் வாடகை கேட்டு வருபவர். "வீட்டின் சொந்தக்காரர் படுத்திருந்தார்" என்று சிங்களத்திற் பதிவாயிற்று. அவள் கைநாட்டு வைத்தாள்.

பல மாதம் கழித்து விசாரணை. "என் புருசனை அடித்தான்" என்றாள் சாட்சிக் கூண்டில். எதிரியின் சட்டத்தரணி எழுந்தார். சாட்சி முன்னொரு தரம் வேறுவிதமாகக் கூறினார் என்று காட்டுவதற்குப் பொலிஸ் வாக்குமூலத்தைப் பயன்படுத்தலாம் என்பது சட்டம். அவர் அதைச் செவ்வனே செய்தார். "அன்று வீட்டுச் சொந்தக்காரர் அடிபட்டார் என்றாய், இன்று புருசன் என்கிறாய், எது பொய்?" என்று கேட்டார். கேள்வியை யான் தமிழிற் சொன்னேன். அவளுக்கு வேறுபாடே விளங்கவில்லை. "வீட்டுக்காரருதானுங்க, என் வீட்டுக்காரருதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் சொன்ன சொல்லை மட்டும் மொழிபெயர்ப்பதே என் கடமை. விளக்கம் சொல்வது கடமை அன்று. அதனைச் சிங்களத்தில் எந்தச் சொல்லாற் சொல்வது? ஒன்றைச் சொன்னால் அவள் பொய்ச்சாட்சி. மற்றையதைச் சொன்னால் யான் ஒரு பக்கம் சாய்ந்தவன். மன்றின் அனுமதி கேட்டு, அச்சொல்லுக்கு இரு பொருள் உண்டென்று மட்டும் கூறினேன். சட்டத்தரணி மறுத்தார், அவர் மறுத்ததும் முறையே.

நீதவான் வாக்குமூலத்தை எழுதிய கான்ஸ்டபிளை அழைப்பித்தார். அவர் இளைஞர், மாத்தறைப் பக்கத்தவர். தமக்குத் தமிழ் தெரியாதென்பதையும், கடைக்காரர் சொன்னபடியே எழுதியதையும், எழுதியதைத் திரும்ப அவளுக்குச் சொல்லிக் காட்ட நேரம் இருக்கவில்லை என்பதையும் ஒளிக்காமற் சொன்னார். கடைசிச் சொல்லைச் சொல்லும்பொழுது அவர் குரல் தாழ்ந்தது. நீதவான் சட்டத்தரணியைப் பார்த்து, லயத்து அறையின் சொந்தக்காரர் யார் என்று வினவினார். தோட்ட நிர்வாகம் என்று அவர் விடையளித்தார். "அப்படியானால் தோட்ட நிர்வாகமா அன்று மாலை திண்ணையிற் படுத்திருந்தது?" என்றார் நீதவான். மன்றிற் சிரிப்பு எழுந்தது. அந்தப் பெண் மாத்திரம் சிரிக்கவில்லை; தன்னைத்தான் எல்லோரும் சிரிக்கின்றார்கள் என்று அவள் எண்ணிக்கொண்டாள். வழக்கு அவள் பக்கமாக முடிந்தது. ஆயினும் அன்று வெளியே செல்கையில் "என்னய பொய்க்காரின்னு சொல்லிட்டாங்களேய்யா" என்றே என்னிடம் சொன்னாள்.

இப்பொழுது நிலைமை சிறிது மாறியிருக்கின்றது. பல நிலையங்களிற் பெண்கள், சிறுவர் பிரிவு உண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தபின், முன்பு "குடும்ப விஷயம்" என்று திருப்பியனுப்பப்பட்டவை சில ஏற்கப்படுகின்றன. சிறு பிணக்குகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இணக்க சபைகளுக்குப் போகின்றன. அங்கே இரு பக்கத்தாரும் தம் மொழியிற் பேச இடம் சற்று அதிகம். தோட்டப் பிள்ளைகள் சிலரும் பொலிசிற் சேர்ந்திருக்கின்றனர். போதுமான தொகையினர் அல்லர். ஒருவர் விடுமுறையிற் போனால் எதிர்க்கடைக்காரர் மீண்டும் வந்துவிடுகின்றார்.

ஓய்வு பெற்ற ஆண்டில், எனக்கு அறிமுகமான நிலையமொன்றுக்குத் தென்னிலங்கையிலிருந்து உப பரிசோதகர் ஒருவர் மாற்றலாகி வந்தார். தமிழ் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழும் வாங்கியவர். "ஐயா, வகுப்பிற் படித்த தமிழை இங்கே எவரும் பேசுகிறார்களில்லையே" என்று என்னிடம் வந்து குறைப்பட்டார். எனக்கும் அதே குறை ஒரு காலத்தில் இருந்தது என்று சொல்லி, என் பழைய கொப்பியைக் கொடுத்தேன். ஓராண்டு வைத்திருந்துவிட்டு, மாற்றலாகிப் போகும்பொழுது கொண்டுவந்து தந்தார். வீட்டுக்காரர் என்ற சொல்லுக்கு எதிரே சிவப்பு மையிற் கோடிட்டிருந்தது. கடைசிப் பக்கத்திலே, தமிழெழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி, எனக்குத் தெரியாத மூன்று சொற்களை எழுதியிருந்தார்.